கன்னத்தை மேயும் பசி

'நோமா' என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். மேய்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பெயரிட்டவன் கண்ணாற் கண்டதையே சொன்னான். மேயப்படுவது ஒரு குழந்தையின் முகம்.

இரண்டு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளையே இந்நோய் பெரும்பாலும் பிடிக்கிறது. பசியால் மெலிந்து, சின்னமுத்திலோ மலேரியாவிலோ கிடந்து எழுந்த பிள்ளையின் பல்முரசில் முதலில் ஒரு புண் தோன்றும். வாய் நாறும், கன்னம் வீங்கும். சில தினங்களுக்குள் தசை கறுத்து அழுகி விழ, பல்லும் எலும்பும் வெளியே தெரியும். வைத்தியம் கிடையாதவிடத்துப் பத்துப் பேரில் ஒன்பது பேர் வரை மாண்டுபோகின்றனர். பிழைத்தவரோ துளை விழுந்த கன்னத்தோடும் பூட்டிக்கொண்ட தாடையோடும் வாழ்கின்றனர். இத்தனைக்கும் இது தொற்றுநோயன்று. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், வாய் கழுவும் மருந்துநீரும், வயிறாரச் சத்துணவும் போதும்.

அப்படியாயின் பிள்ளைகள் ஏன் சாகின்றனர்? தாய்மாரின் அறியாமை, வாய்ச் சுத்தம் பேணாமை என்று விடை கூறும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரத்தைக் காட்டவேண்டும்.

ஐரோப்பாவின் ஏழைப் பிள்ளைகளையும் ஒரு காலத்தில் இந்நோய் மேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு அது அநேகமாக மறைந்துவிட்டது. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1928இல். பரவலாகக் கைக்கு வந்தது 1940களில். ஆகவே அங்கே நோயை விரட்டியது மருந்தன்று. பாணும் பாலும், நல்ல நீரும், வாழத்தக்க வீடும்.

இதற்கு மறுக்கவொண்ணாத சாட்சி ஒன்றுண்டு. சொல்லவே நாக் கூசுகிறது. 1943இல், ஔஷ்விட்ஸ்-பிர்கெனௌ முகாமில், நாஜிகள் அடைத்து வைத்த ரோமா இனப் பிள்ளைகளிடையே நோமா மீண்டும் தலைகாட்டியது. மெங்கலே என்னும் வைத்தியன் அதனை 'ஆராய்ந்தான்'. உணவும் மருந்தும் கொடுத்தபோது சில பிள்ளைகள் தேறினர். ஆனால் நோயுற்ற பிள்ளைகளிற் சிலர் கொல்லப்பட்டு, அவர்தம் தலைகள் ஆராய்ச்சிப் பொருளாயின. 1944 ஆகஸ்ட் 2ஆம் திகதி இரவு அம்முகாமில் எஞ்சியிருந்த ஆயிரக்கணக்கானோர் விஷவாயுவுக்கு இரையாயினர். ஐரோப்பாவின் நடுவிலேயே, மனிதனிடமிருந்து உணவைப் பறித்தவுடன் நோமா திரும்பி வந்தது. இதிலே தாயின் அறியாமை எங்கே இருக்கிறது?

இன்று செனகல் முதல் எதியோப்பியா வரை, அறுவடைக்கு முன் குதிர் காலியாகும் மாதங்களைக் கடக்கும் குடிசைகளிலேதான் இது அதிகம். 1998இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டுக்கு 1,40,000 புதிய நோயாளர் என மதிப்பிட்டது. எனினும் 'புறக்கணிக்கப்பட்ட நோய்கள்' என்னும் தனது பட்டியலில் அதனைச் சேர்த்தது 2023 டிசம்பரிலேயே. அதுவும் நைஜீரியா முன்னின்று கேட்ட பின்னரே. புறக்கணிக்கப்பட்டோர் பட்டியலிலும் இடம் பெறாது கால் நூற்றாண்டு காத்திருந்த நோய் இது! அதற்கு முன்பே, 2012இல், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் ஆலோசனைக் குழு, நோமாவை உதாரணமாகக் கொண்டு, போசாக்கின்மையையும் பிள்ளைப்பருவ நோய்களையும் மனித உரிமைப் பிரச்சினையாக ஆராய்ந்திருந்தது.

நைஜீரியாவின் சொக்கோட்டோ நகரில் 1999 முதல் இந்நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இயங்குகிறது. அங்கே முகங்களை மீளக் கட்டியெழுப்பும் சத்திரவைத்தியர்களை வணங்குகிறோம். ஆயினும் தருமப்பணம் திரட்டி முகம் தைப்பதோடு கடமை முடிந்ததென எண்ணுவோருக்கு ஒன்று கூறுவோம்: அந்த ஆஸ்பத்திரி வரை வந்து சேர்பவர், சாவுக்குத் தப்பிய சிறு தொகையினர். மற்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே புதைக்கப்படுகின்றனர்.

பட்டியல் உண்மையாயின், தடுப்பூசி போடவரும் கிராம ஊழியர் ஒவ்வொரு பிள்ளையின் உதட்டையும் தூக்கி முரசைப் பார்க்கட்டும். அவர் பையில் அந்தச் சாதாரண மருந்து இருக்கட்டும். அறுவடைக்கு முந்திய அந்த மாதங்களில் அரசாங்கத்தின் தானியம் அக்குடிசைகளுக்குப் போய்ச் சேரட்டும்.