வெண்டை மஞ்சளானால் கூலியாள் குற்றவாளியா?

வெண்டைத் தோட்டம் மஞ்சளாகிறது. உடனே என்ன நடக்கிறது? "தண்ணீர் ஒழுங்காகப் பாய்ச்சவில்லை, உரம் சரியாக வைக்கவில்லை" என்று நிலச்சொந்தக்காரர் கூலியாள் மீது பாய்கிறார். குத்தகை விவசாயியோ கடன் வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று புட்டிகளை எடுத்து நீட்டுகிறார்!

தோழர்களே, இலையைப் பார்த்தாலே விவரம் தெரியும். கொழுந்திலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால், அது இரும்புச் சத்துக் குறைவு. அடியிலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. இதற்கு நேர்மாறாக, நரம்புகள் வலைபோல் மஞ்சளாகி நடுவே பச்சை நின்றால், அதுதான் மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் வியாதி. முற்றினால் இலை முழுதும் மஞ்சளாகும். காயும் வெளுத்துச் சிறுத்துவிடும். சத்துக் குறைவு வயல் நெடுகத் தெரியும். இதுவோ அங்கொரு செடி, இங்கொரு செடியாகத் தொடங்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள். செடியை உலுக்கினால் மாவு பறப்பதுபோல் எழுகிறதே வெள்ளை ஈ, அதுதான் நோய்ச் செடியின் சாற்றை உறிஞ்சி வைரஸை நல்ல செடிக்குக் கொண்டு போகிறது. தண்ணீர் பாய்ச்சிய கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இது புதிய வியாதியும் அல்ல. பம்பாய் மாகாணத்தில் 1924-லேயே கண்டறியப்பட்டது. பிற்பாடு டில்லி ஆராய்ச்சி நிலையம் தந்த பூசா சவானி ரகம் சில காலம் தாக்குப்பிடித்தது. பிறகு அதுவும் தோற்றது.

செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸைக் கொல்ல எந்தப் புட்டியிலும் மருந்து கிடையாது. கடையில் விற்பது ஈயைக் கொல்லும் விஷம். தோட்டம் முழுதும் மஞ்சளான பிறகு அதை அடித்துப் பலன் என்ன? குத்தகைக்காரருக்குக் கடன். முகமூடியின்றி, கையுறையின்றி அடிக்கும் கூலியாளின் நெஞ்சுக்குள் விஷம். ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சாகின்றன. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கும் காய் இது. அந்த விஷத்தோடுதான் மில் தொழிலாளியின் குழம்புக்கும் வந்து சேருகிறது.

முதல் செடி மஞ்சளித்த அன்றே பிடுங்கிப் புதைக்க வேண்டும், மஞ்சள் ஒட்டுப் பலகை நட வேண்டும், தாங்கும் ரக விதை வாங்க வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். சரிதான். ஆனால் அரை ஏக்கர் குத்தகைக்காரர் காய்க்கப் போகும் செடியை மனமொப்பிப் பிடுங்குவாரா? நஷ்டத்தை யார் ஈடு செய்வது? சர்க்கார்தான் செய்ய வேண்டும். தோட்டக்கலை அதிகாரி நடவு செய்த முதல் மாதத்திலேயே வயலுக்கு வர வேண்டும். நல்ல விதை மானியத்தில் கிடைக்க வேண்டும். இதைக் கிராமசபையில் மனுவாகக் கொடுப்போம். அதுவரை, மஞ்சளான தோட்டத்தில் மருந்து அடிக்கச் சொன்னால், இலையைத் திருப்பிக் காட்டி, "எதற்கு?" என்று கேட்போம்.