அளந்து பார்த்தபின் சொல்வோம்

"நகரத்துக் காற்று அசுத்தமானது, கிராமத்துக் காற்று தூய்மையானது." காற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பலர் இப்படித்தான் தொடங்குகிறோம். வாகனமும் தொழிற்சாலையும் நகரத்தில் மிகுதி என்பதால் இதில் உண்மை இருக்கிறது. ஆனால், அளக்காமல் சொல்லும் உண்மை பாதி உண்மையே என்பது என் கருத்து.

ஓர் அறிவியல் கண்காட்சியில் மூன்று மாணவர்களைச் சந்தித்தேன். அவர்கள் வெள்ளை அட்டைகளில் வாசலின் தடவி, நகரப் பள்ளி ஒன்றிலும் தோட்டப்புற வீடு ஒன்றிலும் தொங்கவிட்டிருந்தனர். ஒரு வாரம் கழித்து உருப்பெருக்கியால் எண்ணிப் பார்த்தபோது, தோட்டப்புற அட்டையில்தான் தூசு அதிகமாக இருந்தது. "எங்கள் சோதனை தவறாகிவிட்டதா?" என்று தயக்கத்தோடு கேட்டனர். எண்களை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தார்களாம். நல்லவேளையாக, மாற்றவில்லை.

அந்த வீட்டின் முன் செம்மண் சாலை ஒன்று உள்ளது. செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் நாள்தோறும் அவ்வழியே செல்கின்றன. அட்டையில் ஒட்டியது அவை கிளப்பிய பெருந்தூசு. வாகனப் புகையிலுள்ள நுண்துகளோ 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. சாதாரண உருப்பெருக்கியால் அதைக் காண முடியாது. பெருந்தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஆகவே, அம்மாணவர்களின் முடிவு தவறன்று. அது பாதிக் கேள்விக்கான விடை. மீதிக் கேள்விக்கு நுண்துகளை அளக்கும் கருவி தேவை.

கருவி இருந்தாலும் ஒப்பீடு நேர்மையாக அமைய வேண்டும். நகரத்தில் காலை நெரிசலின்போதும், கிராமத்தில் மழை பெய்து ஓய்ந்த மாலையிலும் அளந்தால், நாம் ஒப்பிடுவது இடங்களை அல்ல, நேரங்களையே. ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், பல நாள்கள் அளக்க வேண்டும்.

'அரசாங்கம்தான் அளக்கிறதே, மாணவர்கள் எதற்கு?' எனச் சிலர் கேட்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் கம்பத்திலும் கண்காணிப்பு நிலையம் அமைக்க இயலாது. மேலும், பெருநகரம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று எண்ணக் கூடாது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம், சுமத்ராவில் காடுகளும் சதுப்பு நிலங்களும் எரிந்த புகை மூவாரைச் சூழ்ந்தது. அங்குக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அது அபாய நிலை. மூவார் பெருநகரமன்று.

'கிராமத்துக் காற்றுதானே' என்று வீட்டுக்குப் பின்னால் குப்பையை எரிப்பவர், அடுத்த வீட்டில் ஆஸ்துமாவால் அவதியுறும் குழந்தையை நினைத்துப் பார்ப்பதில்லை. அவரிடம் வெறும் அறிவுரை எடுபடாது. உங்கள் கையிலுள்ள அளவீடு ஒருவேளை அவரைச் சிந்திக்க வைக்கலாம். எனவே மாணவர்களே, எதிர்பார்த்த விடை வரவில்லையென்றால் எண்ணை மாற்றாதீர்கள், 'ஏன்?' என்று கேளுங்கள்.