பணத்தைத் தேடிய பாட்டு

பணம் பத்தும் செய்யும் என்பது பழமொழி. அந்தப் பத்தையும் செய்துவிட்டுப் பணம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று ஊரறியக் கேட்டவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1952ஆம் ஆண்டு இறுதியில் அவரே இயக்கி வெளிவந்த 'பணம்' படத்தில், அவரே பாடிய 'எங்கே தேடுவேன்' பாட்டை நம்மில் மூத்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வானொலியில் அது வந்தால் எடை போடும் கை ஒரு நிமிடம் நிற்கும். கல்லாவில் இருப்பவரும் சிரிப்பார், எதிரே கடன் சொல்ல வந்தவரும் சிரிப்பார். யாரைச் சொல்கிறார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

எழுபது ஆண்டுகளைக் கடந்த அந்தப் பாட்டைப் பற்றி வணிகர் இதழில் எதற்குப் பேச வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அது நம்மைக் கேலி செய்த பாட்டு என்று நம்மவர்களில் சிலருக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. பணத்தைத் தேடிப் போகிறவர் முதலில் எட்டிப் பார்க்கும் இடமே கறுப்பு மார்க்கெட்தான். அடுத்தது கஞ்சன் கை. இரும்புப் பெட்டியும் பின்னால் வருகிறது. இவையெல்லாம் வியாபாரியின் சொத்து என்று ஊர் நினைத்த காலம் அது. ஆனால் பாட்டை முழுதாகக் கேட்டவர்கள் அந்தக் குறையைச் சொல்ல மாட்டார்கள் என்பதே என் கருத்து.

முதலில் காலத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் நமக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பிறகு வந்தது ரேஷன். அரிசிக்கு அட்டை, சர்க்கரைக்கு அட்டை, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று பத்தாண்டு காலம் மக்கள் அல்லாடினார்கள். பொருள் குறைந்த இடத்தில் கள்ளச் சந்தை முளைத்தது. அதில் சம்பாதித்தவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 1952 ஜூன் மாதம் ராஜாஜி அரசு உணவுத் தானியக் கட்டுப்பாட்டை எடுத்தது. ஆறு மாதம் கழித்துப் படம் வந்தபோது ரேஷன் கசப்பு மக்கள் நாக்கில் இன்னும் இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் முதல் பொதுத் தேர்தலும் முடிந்திருந்தது. அதனால்தான் தேர்தலில் பணம் தேய்ந்து போனதா என்ற கேள்வியும் பாட்டில் ஏறியது.

இப்போது பாட்டின் பட்டியலைக் கவனியுங்கள். கறுப்பு மார்க்கெட்டோடு தேடல் நிற்கவில்லை. கிண்டி குதிரைப் பந்தயம், பூமிக்கடியில் புதையல், பெண்கள் கழுத்து நகை, சாமியார் வேடம், திருப்பதி உண்டியல், தேர்தல், உடம்பு தேற ஊட்டிப் பயணம் என்று அது நீண்டுகொண்டே போகிறது. பக்தர், பணக்காரர், அரசியல்வாதி, இல்லத்தரசி என எல்லார் வீட்டுக் கதவையும் கலைவாணர் தட்டுகிறார். நம் கடைக் கதவு அவற்றில் ஒன்று, அவ்வளவே.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பணமே கெட்டது என்று அந்தப் பாட்டு எங்கும் சொல்லவில்லை. உலகம் செழிக்க உதவுவது பணம் என்று மதிப்போடு சொல்லிவிட்டுத்தான் தேடத் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்க வேண்டிய பணம் ஓடாமல் ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பதுதான் அதன் கோபம். ஐயா, இது வியாபாரியின் கோபம் அல்லவா? சரக்கு பணமாக வேண்டும், பணம் மறுபடி சரக்காக வேண்டும் என்பதுதானே நம் தொழில்? நூறு ரூபாய் முதல் மாதத்தில் நான்கு முறை திரும்பினால் கடை நிமிரும். நான்கு மாதத்தில் ஒரு முறை திரும்பினால் கடை சாயும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர் நாம், பேரேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்.

பாட்டை எழுதிய கவிஞர் கண்ணதாசன், செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் சமூகம் அவருடையது. பணத்தின் போக்கும் வரவும் பேசப்பட்ட வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அது எங்கெல்லாம் சிக்கும் என்று தெரியாமல் இருக்குமா? இசை விசுவநாதன்-ராமமூர்த்தி. இருவரும் இரட்டையராகச் சேர்ந்து இசையமைத்த முதல் படமே இதுதான். பாடிய கலைவாணரோ கைக்கு வந்ததை எல்லாம் பிறருக்குக் கொடுத்தே கரைத்தவர் என்று பெயர் வாங்கியவர். 1957இல், ஐம்பது வயது நிறையும் முன்பே காலமானார். இரக்கமுள்ளவரிடம் பணம் தங்குவதில்லை என்ற குத்தலும் அந்தப் பாட்டில் உண்டு. அதைப் பாடும் தகுதி அவருக்கு இருந்தது. உபதேசம் செய்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்போம். அவர் கேலி செய்தார், அதனால் இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, கலைவாணர் இன்று தேடப் புறப்பட்டால் பணத்தை எங்கே கண்டுபிடிப்பார்? நம் கடைகளுக்கே வரட்டும், காட்டுவோம்.

முதல் இடம், பாக்கிப் புத்தகம். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை மாட்டாத மளிகைக் கடை ஒரு காலத்தில் இல்லை. பலகை இருந்தது, கடனும் இருந்தது. இன்று சில்லறைக் கடையில் வாடிக்கையாளர் கைப்பேசியைக் காட்டி நொடியில் பணம் செலுத்திவிடுகிறார். ஆனால் அந்தச் சில்லறைக் கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து மில்லுக்கும் போக வேண்டிய பணம் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று நடக்கிறது. இடையில் வரி காத்திருப்பதில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி ஒரு லட்ச ரூபாய்க்கு 18 சதவீத வரியுள்ள சரக்கை அனுப்பினால், மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர் அந்த 18,000 ரூபாயை மே 20க்குள் கணக்கில் காட்டித் தீர்க்க வேண்டும். வாங்கியவர் ஆகஸ்டில் கொடுத்தாலும் அரசுக்கு மே மாதம்தான். வராத பணத்துக்கு வரி கட்டும் நிலை இது. வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அவர் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள் விற்றவரின் முதல் முடங்கிப் போகிறது.

குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், அதே ஆண்டில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரியில் ஒரு விதி 1.4.2024 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் அந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வணிகத்தை அந்தப் பட்டியலில் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று எல்லை கட்டிவிட்டார்கள். மில்லுக்கு நாம் 45 நாளில் கொடுக்க வேண்டும், நமக்கு வர வேண்டியதற்கு நாள் கணக்கு இல்லை. இந்த வேறுபாட்டை நீக்கும்படி நம் சங்கங்கள் ஒருமித்துக் கேட்க வேண்டும்.

இரண்டாம் இடம், தேர்தல். 1952இல் பாடிய அந்தக் கேள்வி பழசாகவே இல்லை. பணப் பட்டுவாடாப் புகாரால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே.நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தலை நிறுத்த வேண்டி வந்ததை நாடே பார்த்தது. ஆனால் சோதனையில் அடிக்கடி மாட்டுவது யார்? சந்தைக்கு மாடு வாங்கப் போனவரும், காய்கறிக் கொள்முதலுக்குப் போனவரும், வசூலுக்குப் போய்த் திரும்பியவரும்தான். 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் வைத்திருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்கிறது. கணக்குக் காட்டி மீட்பதற்குள் அந்த வாரச் சந்தை முடிந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த பணத்தைப் பிடித்துவிட்டு, ஒளிந்திருந்த பணத்தைக் கோட்டைவிட்ட கதைதான் இது.

மூன்றாம் இடத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது நம் கிடங்கு. விலை ஏறும் என்ற ஆசையில் மூட்டைகளை அடுக்கி வைப்பவர்கள் நம்மில் இன்று அறவே இல்லை என்று மார்தட்ட முடியுமா? ஒருசிலர் செய்யும் பதுக்கலுக்கு ஊரில் உள்ள கடைக்காரர்கள் அத்தனை பேரும் பழி சுமக்கிறோம். 2024 ஜூனில் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் மத்திய அரசு இருப்பு வரம்பு விதித்தது. மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். விலையேற்றத்துக்கு விளைச்சல் குறைவே காரணமாக இருந்தாலும், அதிகாரியின் கண் முதலில் நம் கிடங்குக்குத்தான் வருகிறது. அந்தப் பழைய கறுப்பு மார்க்கெட் பெயர் நம் முதுகிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்பதையே இது காட்டுகிறது. அதை இறக்கி வைக்க வேண்டியவர்கள் நாம்தான். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று வள்ளுவர் வகுத்ததற்கு மேல் நமக்குத் தனியாக ஒரு சட்டம் தேவையில்லை.

அரசைக் கேட்பதற்கு முன் நமக்குள் செய்துகொள்ளக் கூடியதும் ஒன்று உண்டு. வாங்கிய சரக்குக்குச் சொன்ன தவணையில் பணம் கொடுப்போம். மேலே இருப்பவர் நமக்குத் தரவில்லை என்று கீழே இருப்பவருக்கு நாம் நிறுத்தினால், அவர் தனக்குக் கீழே நிறுத்துவார். கடைசியில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் கூலியில் வந்து அது முடியும். வெள்ளிக்கிழமை தரவேண்டிய பாக்கியை வெள்ளிக்கிழமையே கொடுத்தால், அந்த ஒரே பணம் சனிக்கிழமைக்குள் மூன்று கடை தாண்டியிருக்கும்.

மே 5 வணிகர் தின விழாக்களில் எத்தனையோ பாட்டுகளை ஒலிபெருக்கியில் போடுகிறோம். வரும் ஆண்டில் கலைவாணரின் இந்தப் பாட்டையும் போடலாம் என்பது என் வேண்டுகோள். நம்மை இடித்துச் சொன்ன பாட்டுதான். ஆனாலும் பணம் ஓட வேண்டும் என்று நமக்காகவும் வாதாடிய பாட்டு அது. கேட்டுச் சிரிப்போம். சிரித்துவிட்டு, அன்று மாலையே பாக்கிப் புத்தகத்தைத் திறந்து, நாம் யாருக்குத் தரவேண்டும் என்ற பக்கத்தை முதலில் பார்ப்போம்.