மெஷின் சுத்தம் சரி, துடைக்கிறவர் மூச்சு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஐ.வி. போனால் நமக்கு ரோபோ காட்டுவாங்க, அசெம்பிளி லைன் காட்டுவாங்க. அங்கே தயாராகிற பொருளுக்கெல்லாம் அட்டைப்பெட்டி வேணும், லேபிள் வேணும். அதை அச்சடிக்கிற மெஷினை யார், எதை வச்சுச் சுத்தம் பண்றாங்கன்னு மட்டும் யாரும் காட்டமாட்டாங்க. நாமும் கேட்கிறதில்லை. சின்ன ஆஃப்செட் பிரஸ் என்றால் பதில் தெரிந்ததுதான்: கையில் பனியன் வேஸ்ட், பக்கத்தில் மண்ணெண்ணெயோ சால்வென்ட்டோ.

இது சின்ன விஷயம் இல்லை. ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகம். மை துடைக்க 1,2-டைக்ளோரோபுரோப்பேன் என்ற திரவத்தை வருஷக்கணக்கில் பயன்படுத்தினார்கள். சரியான காற்றோட்டம் கிடையாது. அங்கே வேலை பார்த்த 17 பேருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. பொதுவாக வயதானவர்களுக்கு வருகிற நோய். இவர்களோ 25 முதல் 45 வயதுக்குள். 2012-இல் விஷயம் வெளியே வந்தது. 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அந்தத் திரவம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்தது.

அதனால்தான் டிரை ஐஸ் பிளாஸ்டிங்கை நான் ஆதரிக்கிறேன். மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு குருணைகளைக் கம்ப்ரெஸ்டு ஏரில் வேகமாக அடிக்கிறோம். காய்ந்த மை குளிரில் விறைத்து விரிசல் விடும். குருணை அங்கேயே வாயுவாகி விரிந்து அதைப் பெயர்த்துவிடும். சால்வென்ட் இல்லை, தண்ணீர் இல்லை. கீழே விழுவது பழைய மையும் அழுக்கும்தான்.

ஆனால் "ஈகோ ஃப்ரெண்ட்லி"ன்னு ஸ்லைடில் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போடுங்க. 1 கிலோ டிரை ஐஸ் சுமார் 540 லிட்டர் வாயு ஆகும். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்தில் காற்றோட்டமே இல்லாத ஒரு ஹால். 30 கிலோ அடித்தால் உள்ளே 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் நையாஷ் அமைப்பு வைத்திருக்கிற அளவே அதுதான். அப்போ ஆக்சிஜன்? 20.9-இலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான். 19.5-க்குக் கீழே போனால் மட்டும் கத்துகிற ஆக்சிஜன் அலாரம் வாயே திறக்காது. போதாததுக்கு, இந்த வாயு காற்றைவிடக் கனம். மெஷினுக்கு அடியில் குழி இருந்தால் முதலில் அங்கேதான் தேங்கும். குனிந்து வேலை செய்கிறவர் தலையும் அங்கேதான் இருக்கும்.

டிரை ஐஸ் வரட்டும். ஆனால் பிளாஸ்டிங் மெஷினுக்கு ஆர்டர் போடுற அதே தாளில் எக்ஸாஸ்ட் ஃபேனும் கார்பன் டை ஆக்சைடு மீட்டரும் இருக்கணும். கையுறை, காதடைப்பான் எல்லாம் அதுக்கு மேலே. கான்ட்ராக்ட் ஆள்தானே என்று விட்டுவிடக் கூடாது. அவருக்கும் அதே நுரையீரல்தான்.

அடுத்த ஐ.வி.யில் ரெண்டே கேள்வி கேளுங்க. "மீட்டர் எங்கே சார் இருக்கு? அது எவ்வளவு காட்டினா வெளியே ஓடணும்னு இந்த அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்களா?" ரெண்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுற நாற்காலியில் நம்மில் ஒருத்தர் உட்கார்ந்திருப்போம்.