வானத்துக்கு ஆணி அடிப்பவர்கள்

‘ஒரு ரிசீவரில் இரண்டு டிஷ்களா? அதுவும் மோட்டாரில் சுழல்பவையா? நடக்கவே நடக்காது.’ கண்டி நகரத்துக் கடைகளில் இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அறியாமையால் சொன்னால் மன்னித்துவிடலாம். மாதக் கட்டணப் பெட்டியை விற்பதற்கு வசதியாக இருப்பதாலேயே இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது என்பது என் குற்றச்சாட்டு.

எதற்கு இரண்டு டிஷ் என்று கேட்பீர்கள். கண்டி மழைக்குப் பெயர்போன ஊர். கேயூ பான்டுக்குச் சிறிய டிஷ் போதும். ஆனால் அடைமழையில் படம் உறைந்துவிடும். சீ பான்ட் அலைகள் மழையை எளிதில் கடந்து வரும். அதற்குப் பெரிய டிஷ் வேண்டும். இரண்டும் இருந்தால் வானத்தின் பெரும்பகுதி நம் வசமாகும்.

செய்முறை எளிது. ரிசீவரிலிருந்து வரும் கம்பியை முதலில் ஒரு ‘டைசெக்’ சுவிட்சுக்குக் கொடுக்க வேண்டும். அதன் முதல் வாயில் ஒரு மோட்டாருக்கு, இரண்டாம் வாயில் மற்றதற்கு. ரிசீவர் எந்த வாயிலைத் தேர்கிறதோ அதற்கு மட்டுமே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் செல்லும். மின்சாரம் கிடைக்காத மோட்டார் அசையாது. சுவிட்ச் இல்லாமல் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால்தான் ஒரே கட்டளைக்கு இரண்டும் சுழன்று குழப்பம் விளையும். பெரிய டிஷ்ஷைத் தள்ளும் 36 வோல்ட் தண்டு மோட்டாருக்குத் தனியாக ஒரு ‘பொசிஷனர்’ தேவை. ஒவ்வொரு செய்மதிக்கும் வாயிலையும் மோட்டார் நிலையையும் தனித்தனியே பதிய இடமளிக்கும் ரிசீவரை வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. லண்டனில் 28.2 பாகைக் கிழக்குச் செய்மதியைப் பார்க்க, அடிவானத்திலிருந்து சுமார் 25 பாகை நிமிர்ந்தால் போதும். கண்டியோ நிலநடுக்கோட்டிலிருந்து 7.3 பாகை தூரத்தில்தான் உள்ளது. 83 பாகைக் கிழக்கிலுள்ள இந்தியச் செய்மதி இங்கே சுமார் 81 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. மோட்டாரின் அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். கிழக்கிலோ மேற்கிலோ டிஷ் சரியச் சரிய மோட்டாரின்மேல் பாரம் ஏறும். முழுத்தகட்டு டிஷ்ஷில் மழைநீர் தேங்கும். அடியில் துளையிட வேண்டும், அல்லது வலை டிஷ் பொருத்த வேண்டும். இடிமின்னலுக்கு நிலத்தொடுப்பும் அவசியம். இவற்றையெல்லாம் தெரிந்த தொழிலாளியை உருவாக்குவதை விட்டுவிட்டு, ‘முடியாது’ என்று கைவிரிப்பது என்ன தொழில்தர்மம்?

செய்மதித் தொடர்பின் அடிப்படையை 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் மறையும்வரை வாழ்ந்த நாடு இது. இந்தியாவின் கிராமங்களுக்குச் செய்மதி வழியே தொலைக்காட்சி காட்டிய 1975ஆம் ஆண்டுப் பரிசோதனையின்போது, இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் அவருடைய கொழும்பு வீட்டிலேயே டிஷ் ஒன்றை நிறுவினார்கள். பொறியியல் பீடம் இயங்கும் பேராதனை கண்டிக்கு அருகிலேயே இருக்கிறது. இத்தனை இருந்தும் நம் கூரைகளிலுள்ள டிஷ்கள் ஒரே திசையில் ஆணி அடித்து வைத்தாற்போல் நிற்கின்றன.

இதனால் நட்டம் யாருக்கு? தோட்டத்து லயங்களில் வாழும் குடும்பங்களுக்கே. ரீலோட் முடிந்தால் திரை இருண்டுவிடுகிறது. 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இப்போது 93.5 பாகைக் கிழக்கிலிருந்து வரும் தூர்தர்ஷனின் இலவச சேவை மாதக் கட்டணம் கேட்பதில்லை. டிடி தமிழும் அதில் உண்டு. இந்தியாவை நோக்கி அனுப்பப்பட்டாலும், அலைகள் பாக்கு நீரிணையோடு நின்றுவிடுவதில்லை.

கட்டண அலைவரிசைகளைத் திருட்டுத்தனமாகப் பார்க்க நான் வக்காலத்து வாங்கவில்லை. உழைப்புக்குக் கூலி வேண்டும். நான் பேசுவது பூட்டில்லாத அலைவரிசைகளைப் பற்றி. ‘கைபேசி இருக்கிறதே’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் டேட்டா செலவாகிறது, மலையிடுக்குகளில் சிக்னலும் தடுமாறுகிறது.

இரண்டு டிஷ் எல்லோருக்கும் தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. ஆனால் ‘முடியும்’ என்ற உண்மை எல்லோருக்கும் தேவை. கடைக்காரர் அதைச் சொல்லட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் கற்றுக் கொடுக்கட்டும். எந்தத் திசையில் பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே தீர்மானிக்கட்டும்.