கோழியா, மாடா? எந்தத் துண்டு, யாருக்கு?



சென்ற இதழில் சிறுசேமிப்புக் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை உங்களுடன் குசினிக்குள் வருகிறேன். அதற்குக் காரணம் நான் விட்ட ஒரு பிழை.

சில வருடங்களுக்கு முன்னர் கிண்ணியாவில் எமது பெண்கள் குழுவொன்றுக்குப் போசாக்கு வகுப்பு எடுக்கவேண்டி வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். போசாக்கைப் பற்றி என் கையில் இருந்தது ஒரு துண்டுப்பிரசுரம் மட்டுமே. அதில் வெள்ளை இறைச்சி நல்லது, சிவப்பு இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்றிருந்தது. நானும் அதையே கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.

அன்று முன்வரிசையில் ஒரு தாய் இருந்தார். 2006 ஆகஸ்ட்டில் மூதூரில் சண்டை மூண்டபோது கையில் ஒரு பிள்ளையும் வயிற்றில் ஒரு பிள்ளையுமாகக் கிண்ணியாவுக்கு ஓடிவந்தவர். கணவரை இழந்த பின் இங்கேயே தங்கிவிட்டார். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். எனது வகுப்புக்குப் பின் நாலைந்து மாதம் கழித்து, அவர் அடுப்படியில் தலைசுற்றி விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இரத்தம் சோதித்தபோது ஈமோகுளோபின் 8.4. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

நான் பார்க்கப் போனேன். அவர் கோபிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, மாட்டிறைச்சி கூடாதெண்டு. அதான் விட்டுட்டன்."

"அப்ப கோழி?"

"கோழி எடுத்தா மகனுக்கு. அவன் படிக்கிற புள்ள. எனக்கு ஆணம் இருந்தாக் காணும்."

ஆக, மாதத்தில் ஒருதடவையோ இருதடவையோ அவருடைய வாயில் பட்ட இறைச்சியையும் நான்தான் தட்டிப் பறித்திருக்கிறேன். எங்கள் பகுதிக் குடும்பநல மாது என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிரசுரம் யாருக்கு எழுதினது எண்டு பாத்தீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னர் தேடிப் படித்தேன். சிவப்பு இறைச்சியைக் கட்டுப்படுத்தச் சொல்லும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம்கூட, சமைத்த நிறையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை உண்ணலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றுதான் கூறுகிறது. எங்களில் பலர் அந்தளவை ஒரு மாதம் முழுவதிலும் காண்பதில்லை. தினமும் இறைச்சி உண்ணும் ஊருக்குச் சொன்ன புத்திமதியை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒருமுறை வயிறாரச் சாப்பிடும் பெண்ணுக்கு நான் ஓதியிருக்கிறேன். (2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட கடுமையான எச்சரிக்கை, சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி வகைகளைப் பற்றியது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வாங்கித் தின்னும் அந்தப் பொருளை யாரும் கூடாது என்று சொல்வதாகத் தெரியவில்லை.)

இனி விடயத்துக்கு வருவோம். கோழி நல்லதா, மாடு நல்லதா என்று கேட்பதை விட, எந்தப் பகுதி, எதற்காக என்று கேட்பதே சரி. கீழே நான் தரும் அளவுகள் எல்லாம் எலும்பில்லாத, சமைத்த 100 கிராம் இறைச்சிக்கு உரியவை. மாட்டின் வயது, கோழியின் இனம், சமைக்கும் முறை என்பவற்றால் சிறிது கூடிக் குறையும்.

தசை வளர்க்கும் புரதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தோல் நீக்கிய கோழி நெஞ்சில் சுமார் 30 கிராம், கோழித் தொடையில் 25, கொழுப்பு நீக்கிய மாட்டுத் தொடையிறைச்சியில் 28 அளவில் உண்டு. ஆகவே புரதத்துக்காக மட்டும் வாங்குவதென்றால், அன்று எது மலிவோ அதை வாங்குங்கள். ஆனால் கோழியை விலை பார்க்கும்போது, எலும்புக்கும் தோலுக்கும் சேர்த்தே நிறுக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒரு கிலோ கோழியில் தின்னக்கூடிய இறைச்சி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச்சத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது. கடையில் ஆகக் கூடிய விலைக்கு விற்கும் கோழி நெஞ்சில் 1 மில்லிகிராம்தான். தொடையிலும் காலிலும் அதைவிடச் சற்றே கூட. கொழுப்பில்லாத மாட்டிறைச்சியில் இரண்டரை முதல் மூன்று வரை உண்டு. காயம் ஆறவும் நோயெதிர்ப்புக்கும் வேண்டிய நாகச்சத்து கோழி நெஞ்சில் 1, மாட்டில் 5 மில்லிகிராம் அளவில். இரத்தம் ஊறத் தேவையான விற்றமின் பி12உம் மாட்டில்தான் பல மடங்கு அதிகம்.

இனி ஈரலைப் பாருங்கள். மாட்டு ஈரலில் இரும்புச்சத்து ஆறரை மில்லிகிராம். கோழி ஈரலில் 11க்கும் மேல்! நெஞ்சிறைச்சியை விடப் பத்து மடங்கு. இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மாடு பெரியது, ஆகவே அதன் ஈரல்தான் சத்து என்று நினைத்திருந்தேன். பூனைக்குப் போடும் கோழி இரைப்பையில்கூட 3 மில்லிகிராம், அதாவது நல்ல மாட்டிறைச்சிக்குச் சமம். பாபத் என்று நாம் ஆசையாக வாங்கும் மாட்டுக் குடல் ருசிதான், ஆனால் புரதமும் குறைவு, இரும்பும் குறைவு. விலாப் பகுதியில் கொழுப்பு அதிகம். சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ரோல் உள்ளவர்கள் அதையும் கோழித் தோலையும் தவிர்ப்பது நல்லது. மெலிந்த பிள்ளைக்குக் கொஞ்சம் கொழுப்புப் போனால் பாதகமில்லை.

ஈரலுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. அதில் விற்றமின் ஏ மிக அதிகம். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் ஈரலைத் தவிர்த்து, கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போட வேண்டும். மற்றவர்களும் தினமும் உண்ண வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒருதடவை போதும். ஈரலின் நடுப்பகுதி சிவப்பில்லாமல் நன்றாக வேக வேண்டும்.

சூப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் வருத்தக்காரருக்கும் எலும்பு அவித்துச் சாறு கொடுப்பது எமது வழக்கம். சூடாகக் குடிக்கத் தெம்பாக இருக்கும். ஆனால் சாற்றில் இறங்குவது கொஞ்சம் உப்பும் கொழுப்பும் வாசமும்தான். புரதமும் இரும்பும் பெரும்பாலும் இறைச்சியிலேயே தங்கிவிடுகின்றன. ஆணத்தில் சோறு பிசைந்து தின்னும் தாயின் நிலையும் இதுதான். துண்டு போகும் தட்டுக்கே சத்தும் போகிறது.

மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு தேவை, வளர்ந்த ஆணுக்கு 8 போதும் என்பது அமெரிக்கப் போசாக்கு நிபுணர்களின் பரிந்துரை. கர்ப்பிணிக்கு 27. அதாவது எமது தேவை ஆணின் தேவையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் எமது வீடுகளில் கோழி பங்கிடும் ஒழுங்கு எப்படி? கால் மகனுக்கு, நெஞ்சு மருமகனுக்கு, ஈரல் சின்னவனுக்கு, கழுத்தும் செட்டையும் உம்மாவுக்கு. கணவர் இல்லாத வீடுகளில் இது மாறியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் அப்படியில்லை. ஆண் இல்லாவிட்டாலும் அவருடைய பங்கை மகனுக்கு வைக்கிறோம். உழைப்பவர் நாமே என்ற வீட்டிலும் கடைசியாகச் சாப்பிடுபவர் நாமே. நிவாரண அட்டைக்கு அரிசியும் மாவும் பருப்பும் வாங்கி, இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஒதுங்கிய அந்தப் பழக்கம், முகாமை விட்டு வந்து இத்தனை வருடத்தின் பின்னும் எம்மை விட்டுப் போகவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயது வந்த மகளுக்கும் உங்களுக்கும் ஒவ்வொரு துண்டை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பங்கிடுங்கள் என்கிறேன்.

இப்படிச் சொல்லும்போது ஆலங்கேணியிலிருந்து வரும் தமிழ்ச் சகோதரிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களில் பலர் மாடு தொடாதவர்கள். 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியபோது எமது முஸ்லிம் பெண்கள் "இனி இரத்தத்துக்கு என்ன மிஸ் செய்யிறது?" என்று கேட்டார்கள். ஆலங்கேணி அக்கா ஒருவர், "நாங்க இவ்வளவு காலமும் என்ன செய்தனாங்களோ அதைத்தான்" என்றார். அவர் சொல்வது சரியே. மாடு உண்ணாதவருக்குக் கோழி ஈரல் இருக்கிறது. குடாவில் எடுக்கும் மட்டியிலும் இரும்பு நிறைய உண்டு. நெத்தலி, சூடை, முட்டை, கீரை, பயறு எல்லாம் உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு சிறிதளவே எடுத்துக்கொள்ளும், இறைச்சியில் உள்ளதை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வரை எடுக்கும். ஆனால் கீரையோடு ஒரு சிறு துண்டு இறைச்சியோ மீனோ சேர்ந்தால், அல்லது தேசிக்காய் பிழிந்தால், கீரையின் இரும்பும் கூடுதலாக உடம்பில் சேரும். அதனால்தான் காற்கிலோ இறைச்சியை ஒரே நாளில் பொரித்து முடிக்காமல், கீரை பருப்போடு இரண்டு மூன்று நேரத்துக்குப் பிரித்துச் சமைப்பது இலாபம் என்கிறேன்.

இந்தச் சேமிப்பையெல்லாம் கெடுப்பது ஒன்றுண்டு, அதுதான் சாப்பாட்டோடு குடிக்கும் பிளேன்டீ. தேயிலையின் துவர்ப்பு, கீரை பருப்பில் உள்ள இரும்பைப் பாதிக்கும் மேல் தடுத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இதைச் சொன்னால் எங்கள் குழுவில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு எழும். எனக்கும் கஷ்டம்தான்.

புரொய்லர் கோழிக்கு ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள், பெண் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவளாகிறார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது வேகமாக வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும்தான். 2022 நெருக்கடியில் தீவனம் தட்டுப்பட்டவுடன் கோழியும் முட்டையும் எப்படி விலையேறின என்பது உங்களுக்கு மறந்திருக்காது. கேஸும் இல்லாத அந்த நாட்களில், கிழட்டு மாட்டிறைச்சியை வேகவைக்க விறகு எரித்தே களைத்துப்போனோம். முற்றிய இறைச்சிக்குப் பப்பாசிக்காயை அரைத்துப் பூசி அரை மணித்தியாலம் வைத்தால் விறகு மிச்சம். குர்பானி இறைச்சி வீட்டுக்கு வரும்போது மூன்று நாளில் தின்று முடிக்காமல், கொழுப்பில்லாத பகுதியை மெல்லியதாக வெட்டி உப்பு மஞ்சள் பூசி வத்தல் போட்டு வையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் சமைக்குமுன் அதை ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும்.

ஈமோகுளோபின் எட்டில் நிற்பவருக்கு ஈரல் மட்டும் மருந்தாகாது. அந்தத் தாய்க்கும் பல மாதம் இரும்புக் குளிசையும், பூச்சி மருந்தும், மாதவிடாய் அதிகமாகப் போனதற்கு வைத்தியமும் தேவைப்பட்டன. தலைசுற்று, மூச்சு வாங்குதல், நகம் வெளிறுதல் இருந்தால் முதலில் இரத்தம் சோதியுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் கேட்பதில்லை.

அவருடைய கணக்கு கடைசியாகப் பார்த்தபோது 11.2. போன மாதம் ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கோழிக்கடையில் மலிவாகக் கிடைத்ததென்று ஈரல் வாங்கிப் பிரட்டியிருந்தார். மகன் சாப்பிட்டுப் போய்விட்டான். சிறிய பீங்கானில் இரண்டு துண்டு மூடியிருந்தது. "இது எனக்கெண்டு வெச்சது, ஆனா பின்னேரம் அவன் வந்து கேட்டாலும் கேப்பான்" என்றார். நான் எழும்பவில்லை. அவர் சோறு போட்டு அந்த இரண்டையும் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தேன். பிறகு ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றினார், எனக்கு மட்டும்.