தூரமும் நேரமும்

“அவ்வூர் எவ்வளவு தூரம்?” என வினவினால், நம் முன்னோர் பெரும்பாலும் காலத்தையே விடையாகக் கூறுவர். “விடியப் புறப்பட்டால் உச்சிக்குப் போய்ச் சேரலாம்” என்பர். மைற்கல்லும் தேசப்படமும் வந்தபின் நாம் அவ்வழக்கத்தைக் கைவிட்டோம். எனினும், அவர்தம் கணக்கே வாழ்க்கைக்கு அண்மையது என்பதற்கு நம் அயலிலேயே ஓர் உதாரணம் உண்டு.

திருகோணமலைத் துறைமுகக் கரையில் உள்ளது சீனக்குடா விமான நிலையம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை அடுத்துள்ளது பலாலி நிலையம். இரண்டும் கொழும்புக்குத் தொலைவானவை. இவற்றிடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 185 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கடல் கடந்து திருச்சிக்கும் ஏறக்குறைய அதே தூரந்தான்! மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானம் இத்தூரத்தை 22 நிமிடங்களில் கடக்கும் என்பது ஏட்டுக்கணக்கு.

சல்லியிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் செல்வதாகக் கொள்வோம். இவ்வழியில் நாள்தோறும் விமானம் பறப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சீனக்குடாவை அடைய முக்கால் மணி. சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி. விமானம் மேலெழும் நேரத்தையும் தாழ்ந்திறங்கும் நேரத்தையும் கூட்ட முக்கால் மணி. பலாலியில் இறங்கி நகரஞ் சேர ஒரு மணி. ஏட்டிலுள்ள 22 நிமிடம் மூன்றரை மணியாக வளர்ந்துவிடுகின்றது.

தரைவழியோ ஏறக்குறைய 235 கிலோமீற்றர். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை ஊடாக வடக்கே செல்லும் கரையோர வழியைக் கொக்கிளாய்க் களப்பு குறுக்கிடுகின்றது. ஆதலின் பேருந்துகள் மேற்கே வவுனியா சென்று, பின் வடக்கே திரும்புகின்றன. முக்கோணத்தின் ஒரு பக்கத்தை விடுத்து இரு பக்கங்களைச் சுற்றும் இப்பிரயாணத்திற்கு ஐந்தாறு மணி வேண்டும்.

தூரத்தை இயற்கை வகுத்தது. நேரத்தை வகுப்பவன் மனிதனே. 1944 ஆகஸ்டில் இதே சீனக்குடாவிலிருந்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் வரை பறந்து மீண்டன. போகவர 6,000 கிலோமீற்றருக்கு மேல், இடையில் இறங்கவேயில்லை. அழிவுக்காக அத்துணைப் பெருந்தூரமும் சுருங்கிற்று. பின்னர் நம் நாட்டிலேயே போர் மூண்டபோது, அண்மையிலிருந்த யாழ்ப்பாணம் தொலைவாயிற்று. 1990களிலும், 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னரும், வடபுலத்தார் திருகோணமலைக்கு வந்து, அனுமதிக்கும் கப்பலுக்கும் காத்திருந்தே காங்கேசன்துறை சேர்ந்தனர். அக்காலத்தில் தாயின் இறுதிக்கிரியைக்குப் போய்ச் சேர இயலாத மைந்தர் எத்தனை பேர்! அவர்களிடம் 185 கிலோமீற்றர் என்று கூறுவதாற் பயனென்ன?

ஆகவே, ஓர் ஊரைத் தொலைவானதென்று தீர்ப்பது மைலன்று. வழியும், ஒழுங்கான போக்குவரத்தும், அமைதியுமே. விமான நிலையம் இருப்பதனாலேயே ஓரூர் அண்மையாகிவிடாது. பயணச்சீட்டை வாங்கக்கூடிய பணம் பையில் இருத்தல் வேண்டும். அஃதில்லாத மீனவர் குடும்பத்திற்கு, களப்பைக் கடக்கும் நல்லதொரு பாலமும் நேரந்தவறாத பேருந்தும் விமானத்தினும் பேருதவியாம்.

இனிப் பிரயாணத்திற்குப் புறப்படும் நேயர்கள் “எத்தனை கிலோமீற்றர்?” என்று கேட்பதோடு நில்லாது, “வீட்டு வாசலிலிருந்து அவ்வீட்டு வாசலுக்கு எத்தனை மணி?” என்றும் கேட்பாராக. வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளிக்கும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனுக்கும் உண்மையான தூரம் அதுவே.